மூன்று சின்னக் கட்டங்கள்

போன ஆவணியில் நெஞ்சுக்குள் ஏதோ பிடித்ததுபோல் இருந்தது. டாக்டர் ஈசிஜி எடுக்கச் சொன்னார். வாயு, வேறொன்றும் இல்லை. தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள். இதயத்தின் கோடு ஆரம்பிப்பதற்கு முன்னால், வாசற்படி மாதிரி நேராக ஏறி நேராக இறங்கும் ஒரு பெட்டிக்கோடு. அதை இதயம் போடவில்லை. தன் அளவு சரிதான் என்று காட்ட இயந்திரம் தானே போட்டுக்கொள்வது. உயரம் பத்து மில்லிமீட்டர், அதாவது ஒரு மில்லிவோல்ட். அப்படியென்றால் ஒரு சின்னக் கட்டம் 0.1 மில்லிவோல்ட்.

டர்ன்டேபிளில் மாட்டியிருக்கும் ஊசிப் பெட்டியான கார்ட்ரிட்ஜின் விவரச்சீட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது தருவது 0.3 மில்லிவோல்ட். மூன்று சின்னக் கட்டம். வாயுப் பிடித்த என் இதயமே சில வரிகளில் அதைவிட உயரமாக எழும்பியிருந்தது.

அந்த மூன்று கட்டத்தை வைத்துக்கொண்டு கூடம் நிறையப் பாட்டுக் கேட்க வேண்டும். அதற்கு ஃபோனோ பிரீஆம்ப் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். எதை வாங்குவது என்று எட்டு மாதம் அலைந்தேன். ஒரு கல்யாணத்துக்கு இதைவிடக் குறைவான நாளில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

கார்ட்ரிட்ஜ் மாற்றியதே கட்டாயத்தால்தான். பழைய கார்ட்ரிட்ஜின் ஊசி தேய்ந்துவிட்டது. அதைச் செய்த அமெரிக்க நிறுவனம் 2018இல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. அது மூவிங் மேக்னெட் வகை. முள்ளின் மறுமுனையில் ஒரு பொட்டுக் காந்தம் இருக்கும். தட்டின் பள்ளத்தில் முள் ஆட, காந்தமும் ஆட, சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். சுருள் அசைய வேண்டியதில்லை என்பதால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். ஐந்து மில்லிவோல்ட் தாராளமாக வரும். மூவிங் காயிலில் வேலை தலைகீழ். காந்தம் நிற்கும், சுருள் முள்ளோடு சேர்ந்து ஆடும். ஆடுகிற பொருளுக்குக் கனம் ஆகாது. ஆகவே தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சொற்பச் சுற்றுகள். சுற்று குறைந்தால் மின்சாரமும் குறையும். பள்ளத்தின் நெளிவுக்கு முள் சட்டென்று வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகக் குரலின் பலத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் வாங்கியது மூவிங் காயில் வகையான டெனான் டிஎல்-103. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேவுக்காக உருவானது. பிறந்த வருடம் 1962. சாதாரண ஜனங்களுக்குக் கடையில் கிடைத்தது 1970இல். இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு மேலாக ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே உருவத்தில் செய்யப்படும் மின்பொருள் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. அலங்காரம் கிடையாது. கூம்பு முனை வைரம், 2.5 கிராம் பாரம். நிலையத்துச் சிப்பந்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை முள்ளைத் தூக்கித் தூக்கி வைப்பார்! அதற்கு ஈடுகொடுக்கும் முரட்டுப் பிள்ளை. பெட்டியைத் திறந்தால் உள்ளே அந்த ஒரு கார்ட்ரிட்ஜை மட்டும் சோதித்து எடுத்த அலைவரிசை வரைபடம் ஒரு சீட்டில் இருக்கும். அந்தச் சீட்டும் ஈசிஜி போலத்தான் இருக்கிறது.

என்எச்கேவிடம் இதற்கேற்ற உள்ளீட்டுக் கருவிகள் இருந்தன. என்னிடம் இருந்தது முப்பது வருடத்து ஆம்ப்ளிபையர். அதன் முதுகில் ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை. பிளக் பொருந்தியது, பொருந்தினால் போதும் என்று நினைக்கிற ஆள் நான்.

முதல் ராத்திரி எம்.எஸ்ஸின் வேங்கடேச சுப்ரபாதம் எல்பியை வைத்தேன். 1963இல் வெளிவந்த பதிவு, நான் பிறந்த வீட்டிலும் இருந்தது. வால்யூமை முக்கால் பங்கு திருகிய பிறகு, பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதுபோல் அந்தக் குரல் வந்தது. அதன் அடியில் வண்டு சிக்கிக்கொண்டதுபோல் ஒரு ஹம். முள்ளைத் தூக்கிய பிறகும் ஹம் இருந்தது. ஹம்முக்கும் கீழே ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரின் மேல் காதை வைத்துக் கேட்டேன். ஆகாசவாணி. செய்திகள் வாசித்துக்கொண்டிருந்தார்.

இதில் பேய் பிசாசு ஒன்றுமில்லை. கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் ஒயரே ஏரியல் மாதிரி வேலை செய்ய, முதல் டிரான்சிஸ்டர் மீடியம் வேவ் அலையைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் வானொலி நிலையத்துக்காகச் செய்த கார்ட்ரிட்ஜ், மாட்டிய முதல் நாளே வானொலி பேசியது என்பதை நான் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை.

குரல் ஏன் அவ்வளவு மெலிந்து வந்தது என்பதற்கான கணக்கு எளிது. மூவிங் மேக்னெட்டுக்கான பிரீஆம்ப் 40 டெசிபல் தூக்கும். அதாவது நூறு மடங்கு. ஐந்து மில்லிவோல்ட் அரை வோல்ட் ஆகிவிடும், போதும். 0.3 மில்லிவோல்ட்டை நூறால் பெருக்கினால் 30 மில்லிவோல்ட்தான். இன்னும் பத்து மடங்கு வேண்டும். அதனால் மூவிங் காயிலுக்கு 60 டெசிபல், ஆயிரம் மடங்கு. கடைக்காரர்களும் விளம்பரங்களும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் கெயின் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

கதை அங்கே முடிவதில்லை. தட்டில் பாட்டைச் செதுக்கும்போது தாழ்ந்த சுருதிகளை அமுக்கி, உச்சஸ்தாயியை உயர்த்தித்தான் செதுக்குகிறார்கள். அமுக்காவிட்டால் பள்ளம் அடுத்த பள்ளத்தின் மேல் ஏறிவிடும். உயர்த்தாவிட்டால் ஜரிகை மாதிரியான மேல் ஒலிகள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். 1954இலிருந்து இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொதுக் கணக்கு இருக்கிறது. திரும்பக் கேட்கும்போது பிரீஆம்ப் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆயிரம் ஹெர்ட்ஸில் ஆயிரம் மடங்கு தூக்கும் பெட்டி, 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஏழாயிரம் மடங்கு தூக்கும். 50 ஹெர்ட்ஸ் என்பது நம் வீட்டு மின்சாரம் துடிக்கும் வேகம். சுவருக்குள் ஓடும் ஒயர், ஃபிரிட்ஜ், ஆம்ப்ளிபையரின் சொந்த டிரான்ஸ்பார்மர் எல்லாம் அந்தத் தாளத்தில்தான் முனகுகின்றன. ஒரு மைக்ரோவோல்ட் ஹம் உள்ளே நுழைந்தால் வெளியே வரும்போது ஏழு மில்லிவோல்ட். அந்தப் பெட்டிக்கு எது பாட்டு, எது வீடு என்று தெரியாது.

ஈசிஜி இயந்திரத்துக்கும் இதே தொல்லைதான். அதற்கு ஒரு வசதி உண்டு. 50 ஹெர்ட்ஸை மட்டும் நறுக்கி எடுத்துவிடும் வடிகட்டியைப் போட்டுக்கொள்ளலாம். டாக்டருக்குப் பெரிய நஷ்டமில்லை. பாட்டில் அப்படி நறுக்க முடியாது. அந்த வட்டாரத்தில்தான் ஆண்குரல் தம்புராவின் மந்தர ஷட்ஜம் குடியிருக்கிறது.

சரி, கெயின் உள்ள ஒரு மலிவுப் பெட்டியை வாங்கிப் பார்ப்போம் என்று வாங்கினேன். எந்த ஊரில் யார் செய்தது என்பது வேண்டாம். சத்தம் வந்தது. எல்லாச் சத்தமும் வந்தது. அடுத்த மூன்று வாரம் ஹம் பிடிக்கும் வேலையில் போனது.

முதலில் மின்விசிறி. எங்கள் கூடத்து ரெகுலேட்டர் பழைய திருகு வகை. இரண்டில் வைத்தால் ஸ்பீக்கரில் ரம்பம் அறுக்கும். நாலில் குறையும். முழு வேகத்தில் நின்றுபோகும், ஆனால் அந்த வேகத்தில் காற்றுச் சத்தமே பாட்டை அடித்துவிடும். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வீணை கேட்டிருக்கிறேன். அந்த வைராக்கியம் நாலு நாள்தான் நீடித்தது. ரெகுலேட்டரை மாற்றிவிட்டேன்.

அடுத்தது எர்த். ‘உங்க வீட்டுல எர்த்தே சரியில்ல’ என்றார் ஒருவர். நம் ஊரில் இதைச் சொன்னால் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்து கொல்லையில் எர்த் குழியைத் திறந்தார். உப்பும் கரியும் காய்ந்து பாறையாகக் கிடந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார், உப்பு போட்டார், காசு வாங்கிக்கொண்டு போனார். குழி குளிர்ந்தது. ஹம் ஒரு நூல் குறையவில்லை. கடைசியில் பார்த்தால், டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரின் நுனியில் கவைபோல் ஒரு தகடு இருக்குமே, அதில் பித்தளைப் பாத்திரத்துக் களிம்பு மாதிரிப் பச்சை ஏறியிருந்தது. உப்புத்தாளை நகத்தளவு கிழித்துத் தேய்த்துத் திருகினேன். வண்டு பறந்துவிட்டது. ஆகாசவாணி நண்பரும் போய்விட்டார். மிஞ்சியது ஸ்ஸ்ஸ் என்ற சன்னமான இரைச்சல் மட்டும். எண்ணெயில் அப்பளம் போட்டுக் கதவைச் சாத்தினதுபோல.

இந்த இரைச்சலோடுதான் எனக்கு உண்மையான பாடம் ஆரம்பித்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். ஃபோனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். ‘உலையில விழுந்த கல்லு சோத்துல வராம எங்க சார் போகும்?’ என்றார். அவர் சொன்னது இதுதான்: பெட்டிக்குள் முதலில் நிற்கும் டிரான்சிஸ்டர் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல்தான் கணக்கு. அது பாட்டோடு சேர்ந்து ஆயிரம் மடங்கு ஆகும். பின்னால் எவ்வளவு உயர்ந்த சாமான் போட்டாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. எட்டு மாதத்தில் ஆறு மாதம் நான் கேட்டது தப்பான கேள்வி. எவ்வளவு தூக்கும் என்று கேட்டேன். தூக்குகிறவன் எவ்வளவு மூச்சிரைப்பான் என்று கேட்டிருக்க வேண்டும்.

சொல்லிவிட்டு அவரே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சப்பையில் ஒரு டிரான்ஸ்பார்மரைப் போட்டுக்கொண்டு வந்தார். இது இன்னொரு மரபு. டிரான்சிஸ்டருக்கு வேலையே கொடுக்காமல், நிக்கல் கலந்த உலோகத்தில் சுற்றிய இரண்டு சுருள்களால் மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு ஏற்றி, பழைய ஆம்ப்ளிபையரின் ஃபோனோ துளைக்கே அனுப்பிவிடுவது. பிளக் கிடையாது, சுவிட்ச் கிடையாது. சும்மா கனமாக உட்கார்ந்திருக்கும்.

உட்காரும் இடம்தான் பிரச்சினை. ஆம்ப்ளிபையருக்குப் பக்கத்தில் வைத்தால் உறுமியது. திருப்பி வைத்தால் உறுமல் குறைந்தது. இன்னும் கால் வட்டம் திருப்பினால் மறுபடி ஏறியது. அலமாரியின் மேல், கீழ், முக்காலியில், ஜன்னல் திண்டில் என்று நான் தரையில் முட்டிபோட்டபடி நகர்த்திக்கொண்டிருக்க, அவர் ஸ்பீக்கர் அருகில் கையைத் தூக்கியும் இறக்கியும் சைகை காட்டிக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்த மனைவி கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். ‘ஏங்க, வாஸ்து பார்த்து முடிஞ்சுதா, இல்ல காபியை உள்ள கொண்டுபோயிடட்டுமா?’

ஜன்னல் பக்கத்து முக்காலியில், சற்றே ஈசான்யம் பார்த்தாற்போல் வைத்தபோது சுத்தமாக அடங்கியது. ஆம்ப்ளிபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் எந்தத் திசையில் வீசுகிறதோ அதற்குக் குறுக்கே நின்றால் பிழைத்தோம். வாஸ்து என்று அவள் சொன்னதில் பெரிய தப்பில்லை.

எனக்கு ஒரு ஆசை வந்தது. பத்து மடங்குக்கு இவ்வளவு நன்றாக இருக்கிறதே, முப்பது மடங்கு டிரான்ஸ்பார்மர் வாங்கினால்? நண்பர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் கணக்குப் போட்டார். ஆம்ப்ளிபையரின் ஃபோனோ துளை காட்டும் தடை 47,000 ஓம். டிரான்ஸ்பார்மர் வழியாகப் பார்க்கும்போது அது சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும். பத்து மடங்கில் கார்ட்ரிட்ஜுக்குத் தெரிவது 470 ஓம். முப்பதில் 52 ஓம். டிஎல்-103இன் சொந்தத் தடையே 40 ஓம். பாதிக்குக் கொஞ்சம் குறைவான மின்னழுத்தம் சுருளுக்குள்ளேயே செலவழிந்துவிடும். பத்து மடங்கில் கையில் கிடைப்பது 2.8 மில்லிவோல்ட். இருபதில் 4.5. முப்பதில் 5.1. நாற்பதில்? அதே 5.1தான், அதிலும் ஒரு மயிரிழை குறைவு. நான் பத்திரிகையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மணமக்களுக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

இந்த ஓம் கணக்கைச் சுற்றி ஆடியோ பித்தர்களிடையே ஒரு பெரிய சண்டை உண்டு. நூறு ஓம் லோடு போட்டால் குரல் குழைகிறது என்பார்கள், ஆயிரம் போட்டால் விரிகிறது என்பார்கள். கேட்டேன். நூறில் எனக்கும் குழைந்தது. பிறகு யோசித்தேன்: 40 ஓம் சுருளுக்கு நூறு ஓம் லோடு போட்டால் 0.3 மில்லிவோல்ட் 0.21 ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட மூன்று டெசிபல் நஷ்டம். நான் குழைவு என்று நினைத்ததில் எவ்வளவு வெறும் சத்தக் குறைவு? வால்யூமைச் சரிக்கட்டிக் கேட்டபோது குழைவில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்துக்காக நண்பர்களை இழக்கத் தயாராக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

டிரான்ஸ்பார்மரில் பாட்டு அமுதமாக இருந்தது என்று எழுத ஆசைதான். எழுதினால் இந்தக் கட்டுரையும் இன்னும் அழகாக இருக்கும். ஆனால் பிறகு ஒரு நாள், அந்த ஒலிப்பதிவு நண்பரின் வீட்டில், அவர் வைத்திருக்கும் நல்ல டிரான்சிஸ்டர் பெட்டியையும் இதையும் சத்தம் சமமாக்கி மாற்றி மாற்றிப் போட, நான் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை சொன்னேன். ஆறு சரி, நாலு தப்பு. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

அந்த நல்ல பெட்டி ஏன் நல்ல பெட்டி என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. எந்தக் கம்பியும், அதில் எந்தச் சங்கதியும் ஓடாதபோதுகூட, சும்மா இருப்பதில்லை. உள்ளே எலெக்ட்ரான்கள் சூட்டினால் தறிகெட்டு ஆடுகின்றன. அந்த ஆட்டமே ஒரு சத்தம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் ஏனென்று விளக்கினார். இருவர் கட்டுரையும் 1928இல் வந்தன. 40 ஓம் சுருளுக்குக் கணக்கிட்டால், காதுக்கு எட்டும் அலைவரிசை முழுவதுக்கும் சேர்த்து 0.1 மைக்ரோவோல்ட்டுக்குச் சற்று மேல். 0.3 மில்லிவோல்ட் பாட்டில் ஏறத்தாழ 2,600இல் ஒரு பங்கு. அக்கினி நட்சத்திரத்துக்கும் மார்கழிக்கும் இதில் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது. சுருளை மௌனமாக்க வேண்டுமென்றால் அதை உறையவைக்க வேண்டும்.

அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தச் சுருளின் சொந்த முனகல், முழு அலைவரிசைக்கும் சேர்க்காமல் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மட்டும் பொறியாளர்கள் சொல்லும் அலகில், 0.8 நானோவோல்ட். ஆடியோக்காரர்கள் பல காலமாகப் பயன்படுத்திவரும் 5534 என்ற ஐசியின் முனகல் 4 நானோவோல்ட். மூவிங் மேக்னெட்டுக்கு அது தங்கமான ஐசி. அங்கே கார்ட்ரிட்ஜே அதைவிட அதிகம் முனகும். ஆனால் இந்த 40 ஓம் சுருளின் வாசலில் அதை நிறுத்தினால், ரகசியம் சொல்கிறவனைவிட ஐந்து மடங்கு சத்தமாக மூச்சுவிடுகிறவனைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னதுபோல. முதல் படியில் ஒரு நானோவோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும் டிரான்சிஸ்டர்களோ ஐசியோ இருந்தால் அந்தப் பெட்டி போதும். அதற்கும் கீழே இறங்க எத்தனை லட்சம் கொட்டினாலும் சுருளின் முனகல் அப்படியே நிற்கும். பெரும்பாலான எல்பிகளில், முக்கியமாக நம்மிடம் கைமாறிக் கைமாறி வந்திருக்கும் தட்டுகளில், பள்ளத்தின் கரகரப்பு இதையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும்.

அப்புறம் வாங்குவது சுலபமாக இருந்தது. 60 டெசிபல் கெயின், லோடு மாற்ற ஒரு சுவிட்ச், முதல் படி இரைச்சல் அளவை ஒளிக்காமல் அச்சிட்ட விவரச்சீட்டு, ஆம்ப்ளிபையரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்க வசதியாகத் தனி அடாப்டர். உள்ளங்கை அகலப் பெட்டி. டிரான்ஸ்பார்மரை மஞ்சப்பையோடு திருப்பிக் கொடுத்தேன். முக்காலி காலியானதில் வீட்டில் சந்தோஷம்.

மாட்டிய முதல் நாள் பாட்டுப் போடவில்லை. முள்ளைத் தூக்கி வைத்துக்கொண்டு, வால்யூமை ஏற்றிக் கேட்டேன். காதை ஸ்பீக்கரோடு ஒட்டினால்தான் ஏதோ சன்னமாகத் தெரிந்தது. பிறகு என்னிடம் உள்ள ஒரு பழைய வீணை எல்பியை வைத்தேன். இருபது வருடமாகக் கேட்கும் தட்டு. முள் பள்ளத்தில் இறங்கும் ‘தொப்’, அதன் பிறகு வெறும் பள்ளத்தின் சரசரப்பு. அப்போது, முதல் மீட்டு வருவதற்கு முன்னால், எங்கோ இரண்டு தெரு தள்ளி யாரோ அதே மீட்டை மீட்டினாற்போல் கேட்டது. தொடர்ந்து இங்கே நிஜ மீட்டு வந்தது.

பிரமை என்று நினைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் வந்தது. தட்டைச் செதுக்கும்போது ஒரு பள்ளத்தின் அழுத்தம் பக்கத்துப் பள்ளத்தின் சுவரைக் கொஞ்சம் தள்ளிவிடும். அந்தச் சுவரில் பதிந்த நிழல் ஒரு சுற்று முன்னதாகவே கேட்டுவிடும். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி.